பீட்டா பிளாக்கர் தந்த சோர்வு: மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி, 2025 செப்டம்பர் 7

இரத்த அழுத்தத்துக்காக மெட்டோப்ரோலால் 50 மில்லிகிராம் எழுதித் தந்தார்கள். அழுத்தம் இறங்கிவிட்டது, நான்தான் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறேன். மாடிப்படி ஏறினால் கால் கனக்கிறது, விரல்கள் சில்லிட்டுப் போகின்றன, இரவில் வரும் கனவுகளை வெளியே சொல்லவே கூசுகிறது. இதயத்தைக் காக்கும் மாத்திரை என்கிறார்கள். எனக்கு இது ஆளை மெல்லச் சாய்க்கும் மாத்திரையாகத் தெரிகிறது. நாளை முதல் நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன். எடுத்துப் பழகியவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

செப்டம்பர் 7, இரவு

நாளை முதல் நிறுத்த வேண்டாம். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம். இதை மட்டும் இன்றே சொல்லிவிட வேண்டும்.

மெட்டோப்ரோலால் பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்தது. உடலை முடுக்கிவிடும் அட்ரினலினும் நார் அட்ரினலினும் வந்து பற்றும் பீட்டா ஏற்பிகளை, அதாவது செல்கள் அந்தச் செய்தியை வாங்கும் இடங்களை, மறித்து நிற்பதுதான் இந்த மருந்தின் வேலை. பல வாரங்கள் மறிக்கப்பட்ட உடல், ஈடுகட்டுவதற்காக அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. மருந்து திடீரென்று இல்லாமற்போனால், வழக்கமாகச் சுரக்கும் அட்ரினலினே அளவுக்கு மீறி வேலை செய்யத் தொடங்கும். நாடித் துடிப்பு எகிறும், அழுத்தம் முன்னிருந்ததைவிட மேலே போகலாம், இதயத் தமனிகளில் அடைப்பு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வந்திருக்கின்றன. அமெரிக்காவில் மெட்டோப்ரோலாலின் மருந்துத் தகவல் தாளில் இந்த எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. அடைப்பு இருப்பது தெரியாமலே பலர் நடமாடுகிறார்கள் என்பதால், வெறும் இரத்த அழுத்தத்துக்காக எடுப்பவர்களும் சட்டென்று நிறுத்தக்கூடாது என்று அதே தாள் சொல்கிறது. நிறுத்துவதானால் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும், அதுவும் எழுதித் தந்த மருத்துவருக்குத் தெரிந்து. நான் மருத்துவன் அல்லன். இந்த வகை மாத்திரைகளைப் பல ஆண்டுகளாக விழுங்கி வருபவன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 8

இப்போது சோர்வுக்கு வருகிறேன். ஒற்றைத் தலைவலிக்காக ப்ரோப்ரனலாலில் தொடங்கியவன் நான். பின்னர் அழுத்தத்துக்காக மெட்டோப்ரோலால், இப்போது பிசோப்ரோலால். மூன்றும் ஒரே குடும்பம் என்றாலும் மூன்றிலும் நான் ஒரே ஆளாக இருக்கவில்லை. ஆகவே "பீட்டா பிளாக்கர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று யாராவது சொன்னால், எந்த மருந்து, எந்த அளவு, எந்த நேரம் என்று திருப்பிக் கேட்பது என் வழக்கமாகிவிட்டது.

ப்ரோப்ரனலால் முதல் தலைமுறை. ஜேம்ஸ் பிளாக் 1960களில் உருவாக்கியது. 1988ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் வேறிருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அது பீட்டா ஒன்று, பீட்டா இரண்டு என்ற வேறுபாடு பார்ப்பதில்லை. பீட்டா ஒன்று பெரும்பாலும் இதயத்திலும், அழுத்தத்தை ஏற்றும் ரெனினைச் சுரக்கும் சிறுநீரகச் செல்களிலும் இருக்கிறது. பீட்டா இரண்டு மூச்சுக்குழாயிலும் தசைகளுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களிலும் இருக்கிறது. பின்னர் வந்த அடினலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் ஆகியவை பீட்டா ஒன்றையே அதிகம் நாடுபவை. நெபிவலால் அதோடு இரத்தக் குழாய்களைத் தளர்த்தவும் செய்கிறது. கார்வெடிலாலும் லெபெடலாலும் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஆல்ஃபா ஏற்பிகளையும் சேர்த்து மறிப்பவை. எழுந்து நிற்கும்போது தலை கிறுகிறுப்பது இவற்றில்தான் அதிகம். கார்வெடிலாலை உணவோடு எடுக்கச் சொல்வது அது மெல்ல உறிஞ்சப்பட வேண்டும் என்பதற்காகத்தான். அதை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு சட்டென்று எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே உண்டு.

படியேறும்போது கால் கனப்பதற்குக் காரணம் இதுதான்: உழைப்புக்கு ஏற்றபடி துடிப்பைக் கூட்டிக்கொள்வதுதான் இதயத்தின் முதல் உத்தி. அந்த உத்தியை மருந்து மறிக்கிறது. தசைக்குப் போகும் இரத்தமும், அது எரிபொருளாக எடுத்துக்கொள்ளும் கொழுப்பும் சர்க்கரையும் வந்து சேர்வதும் சற்றுக் குறைகின்றன. மூச்சு வாங்குவதற்கு முன்பே கால் "போதும்" என்று சொல்வதை நான் நன்றாக அறிவேன். பாதிப் படிகள் ஏறியதும் தொடையில் ஈரமணல் மூட்டையைக் கட்டிவிட்டது போலிருக்கும். ஆனால் நெஞ்சு அமைதியாக இருக்கும். அந்தப் பொருத்தமின்மைதான் முதலில் என்னைப் பயமுறுத்தியது. எனக்கு முதல் சில வாரங்கள் கடந்ததும் இது பெருமளவு தணிந்தது; பலருக்கும் அப்படித்தான் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

செப்டம்பர் 8, சற்றுப் பிறகு

ஒன்றைச் சேர்க்க விட்டுப்போயிற்று. சோர்வு என்று நீங்கள் சொல்வது படியேறும்போது மட்டும் வருகிறதா, படுத்திருக்கும்போதும் இருக்கிறதா? நாடியை எண்ணிப் பார்த்தீர்களா? ஓய்வில் 55 என்பது இந்த மருந்தில் பெரும்பாலும் கவலைக்குரியது அன்று. ஐம்பதுக்குக் கீழே இறங்கி, தலைசுற்றலோ மயக்கமோ கண் இருட்டுவதோ கூடவே இருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டியதுதான். என் கைக்கடிகாரம் ஒரு நள்ளிரவில் 46 என்று அதிர்ந்து எழுப்பியது. நான் எழுந்து உட்கார்ந்ததும் அது 60க்கு மேல் போயிற்று. கடிகாரம் சமாதானமாகிவிட்டது, நான்தான் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். தூக்கத்தில் துடிப்பு இறங்குவது இயல்பு, மருந்து அதை மேலும் சற்று இறக்கியிருக்கிறது என்று மறுநாள் சொல்லிவிட்டார்கள். அன்று முதல் இரவு அறிவிப்பை அணைத்து வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 10

கனவுகளைப் பற்றி நீங்கள் கூச்சத்தோடு எழுதியிருந்தீர்கள். கூச வேண்டியதில்லை, தகவல் தாள்களில் அச்சாகியிருக்கும் விஷயம்தான் அது.

ப்ரோப்ரனலாலும் மெட்டோப்ரோலாலும் கொழுப்பில் கரைபவை, ஆகவே மூளைக்குள் எளிதாகப் புகுபவை. அடினலால் நீரில் கரைவது, குறைவாகவே புகுகிறது. இது ஒரு பக்கம். மறுபக்கம் தூக்கத்தை வரவழைக்கும் ஹார்மோனான மெலடோனின்: மூளையிலுள்ள பீனியல் சுரப்பி இரவில் மெலடோனினைச் சுரப்பதற்கான கட்டளையே பீட்டா ஏற்பி வழியாகத்தான் போகிறது. ஏற்பியை மறித்தால் கட்டளை தேய்ந்துவிடுகிறது. 2012இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அடினலாலோ மெட்டோப்ரோலாலோ எடுத்துவந்த 16 பேருக்கு மூன்று வாரங்கள் இரவில் 2.5 மில்லிகிராம் மெலடோனினோ மருந்தில்லாத வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். மெலடோனின் பெற்றவர்களின் தூக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் கூடியது. பதினாறு பேர் என்பது மிகச் சிறிய கூட்டம். ஆகவே இதைப் படித்துவிட்டு நீங்களாகவே மெலடோனின் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், மருத்துவரிடம் பேச்செடுக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

ப்ரோப்ரனலால் நாட்களில் எனக்கு வந்த கனவுகள் நிறமும் முகமும் வசனமும் குறைவில்லாதவை. ஒரு கனவில் யாரோ என்னிடம் ஒரு கணக்கை ஒப்படைக்கச் சொல்லி, நான் கூட்டக் கூட்டத் தொகை மாறிக்கொண்டே போயிற்று. விழித்த பிறகும் விரல்கள் போர்வையின் மேல் எண்ணிக்கொண்டிருந்தன. மாலையில் எடுத்துவந்த மாத்திரையை மருத்துவர் காலைக்கு மாற்றியதும் கனவுகளின் வீரியம் குறைந்தது. அழுத்தம் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏறி இறங்குவதில்லை என்பதால் இதையும் கேட்டுவிட்டே மாற்ற வேண்டும்.

செப்டம்பர் 11

சில்லிட்ட விரல்கள்: தோலுக்குப் போகும் குழாய்கள் சுருங்குவதால் வருவது. ஏற்கெனவே குளிரில் விரல் வெளுத்து நீலம் பாரிக்கும் ரேனோ தொல்லை உள்ளவர்களுக்கு இது கூடுதலாகத் தெரியும். எனக்கு ப்ரோப்ரனலாலில் மோசமாகவும், பிசோப்ரோலாலில் தாங்கக்கூடியதாகவும் இருக்கிறது. நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அது வேறு விஷயம். கால் தமனிகளைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 14

இந்த நாட்களில் எழுதியவற்றைத் திரும்பப் படித்தேன். ஒரு தயக்கம் வந்துவிட்டது: இப்படிப் பட்டியல் போடுவதே சிலருக்குப் பக்க விளைவை வரவழைத்துவிடுமோ?

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2003இல் ஐரோப்பிய இதய இதழில் வந்த ஒரு ஆய்வு. புதிதாக இதய நோய் கண்டறியப்பட்ட, ஆண்மைக் குறைவு முன்பு இல்லாத 96 ஆண்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, எல்லாருக்கும் அடினலால் 50 மில்லிகிராம் கொடுத்தார்கள். எந்த மருந்து என்றே சொல்லப்படாத குழுவில் 3.1 விழுக்காட்டினருக்கு விறைப்புக் குறைவு வந்தது. மருந்தின் பெயர் மட்டும் சொல்லப்பட்ட குழுவில் அது 15.6 விழுக்காடு. பெயரோடு, இப்படியொரு பக்க விளைவு வரலாம் என்றும் சொல்லப்பட்ட குழுவில் 31.2 விழுக்காடு. மாத்திரை ஒன்றே, அளவும் ஒன்றே. மாறியது காதில் விழுந்த செய்தி மட்டும்தான். பிறகு பாதிக்கப்பட்டவர்களுக்கு விறைப்புக் குறைவுக்கான மருந்தான சில்டினாஃபிலும் வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தபோது இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன.

ஆகவே நண்பர் எழுதிய எல்லாத் தொல்லையும் மனப்பிரமை என்று ஆகிவிடுமா? ஆகாது. எதிர்பார்ப்பால் வரும் சோர்வும் சோர்வுதான், அதுவும் உடம்பில்தான் உணரப்படுகிறது. ஆனால் எது மருந்தால் வந்தது, எது பயத்தால் வந்தது என்று பிரித்துப் பார்க்காமல் மாத்திரையைத் தூக்கி எறிவது சரியன்று.

செப்டம்பர் 15

நேற்றைய குறிப்புக்கு எதிர்க்குரல் ஒன்று வந்திருக்கிறது: "அப்படியானால் சோர்வே கற்பனை என்கிறீர்களா?" நான் அப்படிச் சொல்லவில்லை, எண்களும் அப்படிச் சொல்லவில்லை. 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில், 35,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 15 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கட்டுரை வந்தது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால், ஆயிரம் பேருக்கு ஓராண்டில் 18 பேர் கூடுதலாகச் சோர்வைச் சொன்னார்கள். பாலியல் குறைபாட்டைக் கூடுதலாகச் சொன்னவர்கள் ஆயிரத்துக்கு 5 பேர். மனச்சோர்வு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. பழைய தலைமுறை மருந்துகளில் சோர்வு அதிகமாகவும் புதியவற்றில் குறைவாகவும் இருந்தது. ஆக, மருந்தால் வரும் சோர்வு உண்மை. ஆனால் அது பேச்சில் அடிபடும் அளவுக்குப் பெரிதன்று.

ஆய்வுகளையும் அப்படியே தலையில் வைத்துக்கொண்டு ஆட முடியாது. அவற்றில் சேர்க்கப்படுபவர்கள் வடிகட்டி எடுக்கப்பட்டவர்கள். அளவு மெல்ல மெல்லக் கூட்டப்படுகிறது, கண்காணிப்பும் நெருக்கமாக இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் மருத்துவரைப் பார்க்கிற நமக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்களுக்கு நேர்ந்திருப்பது அந்தப் பதினெட்டில் ஒன்றாகவே இருக்கலாம்.

மனச்சோர்வு கூடவில்லை என்ற இடத்தில் எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. இந்த மாத்திரை மனத்தை அமுக்கிவிடும் என்று எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டு வளர்ந்த காது. 2021இல் இன்னும் பெரிய திரட்டு ஒன்றும் ஏறத்தாழ அதையே சொன்னது: மனச்சோர்வுக்குத் தொடர்பு தெரியவில்லை, ஆனால் தூக்கக் கோளாறுகளுக்கு இருக்கலாம். தூக்கம் கெட்டவன் பகலில் எப்படி இருப்பான் என்பதை யோசித்தால், அந்தப் பழைய பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். இது என் ஊகம் மட்டுமே.

செப்டம்பர் 19

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவர் கேட்டிருக்கிறார். உங்களுக்கு இது முக்கியமான பகுதி.

இரத்தச் சர்க்கரை தாழும்போது படபடப்பும் கைநடுக்கமும் வருவது அட்ரினலினின் வேலை. பீட்டா பிளாக்கர் இந்த இரண்டு அடையாளங்களையும் மழுங்கடித்துவிடும். வியர்வையை அது மறைப்பதில்லை. ஏனென்றால் வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்புச் செய்தி வேறு வழியில் போகிறது. ஆகவே காரணமில்லாமல் வியர்த்துக் கொட்டினாலோ, பசியும் குழப்பமும் சேர்ந்து வந்தாலோ, நெஞ்சு படபடக்கட்டும் என்று காத்திருக்காமல் சர்க்கரையைச் சோதித்துவிட வேண்டும். பீட்டா இரண்டையும் மறிக்கும் ப்ரோப்ரனலால் போன்றவை, தாழ்ந்த சர்க்கரை மீண்டு ஏறுவதையும் தாமதப்படுத்தக்கூடும்.

மறுபுறம், அடினலால், மெட்டோப்ரோலால் போன்றவை நாளடைவில் சர்க்கரையைச் சற்று ஏற்றவும் செய்கின்றன. எடையும் சராசரியாக ஒரு கிலோ அளவில் கூடலாம். 2004இல் சர்க்கரை நோயாளிகளிடம் கார்வெடிலாலையும் மெட்டோப்ரோலாலையும் ஒப்பிட்ட ஆய்வில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை மெட்டோப்ரோலாலில் ஏறியது, கார்வெடிலாலில் ஏறவில்லை. எந்த மருந்து என்ற கேள்வியை நான் விடாமல் கேட்பது இதனால்தான்.

செப்டம்பர் 19, மாலை

ஆஸ்துமா உள்ளவர்கள் இதை எடுக்கலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: ப்ரோப்ரனலால், டிமலால் போல வேறுபாடு பார்க்காதவை கூடாது, பீட்டா ஒன்றை நாடுபவற்றைக் கட்டாயத் தேவை இருந்தால் மருத்துவர் குறைந்த அளவில், கண்காணிப்போடு தரக்கூடும். ஆனால் அளவு ஏற ஏற அந்த நாட்டமும் தளர்ந்துவிடும். கடும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒவ்வாமை அதிர்ச்சிக்குப் போடும் அட்ரினலின் ஊசி, பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களிடம் எதிர்பார்த்த அளவு வேலை செய்யாமல் போகலாம்; அந்த நிலையில் குளூக்ககான் என்ற ஹார்மோன் ஊசி பயன்படும் என்பது அவசரப் பிரிவினருக்குத் தெரியும். நீங்கள் இந்த மாத்திரை எடுப்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தால் மட்டுமே அது உதவும்.

செப்டம்பர் 24

கேட்டவரே வந்து ஒரு செய்தி சொல்லியிருக்கிறார்: மெட்டோப்ரோலால் தொடங்கியபோதே மனப்பதற்றத்துக்காகப் பராக்ஸெட்டினும் எடுத்துவந்தாராம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு மிச்சமாகியிருக்கும்!

மெட்டோப்ரோலாலைக் கல்லீரலில் சிதைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு நொதி. சிஒய்பி2டி6 என்பது அதன் பெயர். பராக்ஸெட்டின், ஃப்ளுவாக்ஸெட்டின், புப்ரோபியான் ஆகிய மனநல மருந்துகள் அந்த நொதியை முடக்குபவை. முடக்கினால் மெட்டோப்ரோலால் இரத்தத்தில் பல மடங்கு தேங்கும். சீட்டில் 50 என்று எழுதியிருந்தாலும் உடம்பு காண்பது 50 அன்று. பிறப்பிலேயே இந்த நொதி வேலை செய்யாதவர்களும் இருக்கிறார்கள். எந்தத் துணை மாத்திரையும் இல்லாமலே அவர்களுக்கு இந்த நிலைதான். குறைந்த அளவிலேயே ஆள் சுருண்டுவிழுவதற்கு இது ஒரு காரணம். அதைச் "சிலருக்கு ஒத்துக்கொள்ளாது" என்ற ஒரே சொற்றொடரில் அடக்கிவிடுகிறோம்.

பிசோப்ரோலால் பாதி கல்லீரல் வழியாகவும் பாதி சிறுநீரகம் வழியாகவும் வெளியேறுகிறது. அடினலால் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக. ஆகவே சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அடினலால்தான் தேங்கும். உடன் எடுக்கும் எல்லா மாத்திரைகளையும், சொட்டு மருந்து உட்பட, ஒரே தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். அழுத்தத்துக்கும் துடிப்புக்கும் தரப்படும் வெராபமில், டில்டியாசெம் இவற்றில் ஒன்று அந்தத் தாளில் இருந்தால் அதை விரல் வைத்துக் காட்டுங்கள். பீட்டா பிளாக்கரோடு சேர்ந்து இதயத்தின் மின்னோட்டத்தையே தடுத்து, துடிப்பை ஆபத்தான அளவுக்கு இறக்கக்கூடியவை அவை. வலிக்கு நாமாக வாங்கிப் போடும் ஐபுப்ரோஃபென் போன்றவை அழுத்தம் குறைவதைக் கெடுக்கும் என்பதையும் போகிறபோக்கில் சொல்லி வைக்கிறேன்.

செப்டம்பர் 25

"சொட்டு மருந்து உட்பட" என்று எழுதியதைக் கேலி செய்திருக்கிறார்கள். கேலி அன்று. கண் நீர்அழுத்த நோய்க்கு (கிளாக்கோமா) விடும் டிமலால் ஒரு முழுமையான பீட்டா பிளாக்கர். கண்ணில் விட்ட சொட்டு கண்ணீர்க் குழாய் வழியாக மூக்கில் இறங்கி, கல்லீரலைத் தொடாமலே இரத்தத்தில் கலக்கிறது. துடிப்பு மந்தமாவதும் ஆஸ்துமா கிளம்புவதும் இதனால் நேர்ந்திருக்கின்றன. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்தால் உள்ளே போவது வெகுவாகக் குறையும். மாத்திரையும் சொட்டும் இரு வேறு மருத்துவர்களிடமிருந்து வரும்போது, இரண்டையும் கூட்டிப் பார்ப்பவர் யாரும் இருப்பதில்லை.

அக்டோபர் 2

ஓட்டப் பயிற்சி செய்பவர்களுக்கு. 220இலிருந்து வயதைக் கழித்து, அதில் இத்தனை விழுக்காடு என்று துடிப்புக்கு இலக்கு வைப்பது இந்த மாத்திரை எடுப்பவர்களுக்குப் பொருந்தாது. எவ்வளவு முயன்றாலும் துடிப்பு அங்கே போகாது; போகவைக்க முயல்வது வீண் வேலை மட்டுமன்று, ஆபத்தும்கூட. பேசிக்கொண்டே செய்ய முடிகிறதா, வாக்கியத்தை முடிக்கத் திணறுகிறோமா என்பதே என் அளவுகோல். தொடக்கத்தில் உடம்பைச் சூடேற்ற வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். முடித்ததும் சட்டென்று நிற்பதில்லை. துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் இந்த மருந்து தடை செய்யப்பட்டிருக்கிறது, ஏனென்றால் அங்கே நடுங்காத கைதான் வெற்றி. ஒருவருக்குப் பக்க விளைவாக இருப்பது மற்றவருக்கு ஏமாற்று வேலையாகிறது!

அக்டோபர் 9

பேச்சு வேறு பக்கம் திரும்பியிருக்கிறது: "இவ்வளவு தொல்லை இருந்தால் இந்த மருந்து எதற்கு?" நியாயமான கேள்வி. எதற்காக எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

வெறும் இரத்த அழுத்தம் மட்டும் என்றால், முதல் தேர்வாக இது பல நாடுகளில் பின்னுக்குப் போய்விட்டது. 2002இல் 9,000க்கும் மேற்பட்டவர்களிடம் அடினலாலையும், வேறு வகை அழுத்த மருந்தான லொசார்டனையும் ஒப்பிட்ட ஆய்வில், அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தும், லொசார்டன் குழுவில் பக்கவாதம் 25 விழுக்காடு குறைவாக இருந்தது. 2006இல் பிரித்தானிய வழிகாட்டுதல் பீட்டா பிளாக்கரை முதல் வரிசையிலிருந்து இறக்கியது. எனவே வேறு காரணம் ஏதும் இல்லாமல் அழுத்தத்துக்காக மட்டுமே இதை எடுத்துத் துவண்டு கிடப்பவர், "எனக்கு வேறு வகை மருந்து ஆகுமா?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

இதயத்தின் பம்பு வலுவிழந்தவர்களின் கதை நேரெதிர். 1999இல் வெளியான பிசோப்ரோலால் ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 17.3 விழுக்காட்டினரும் மருந்து எடுத்தவர்களில் 11.8 விழுக்காட்டினரும் இறந்தார்கள். பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி முடித்தார்கள். அதில் மருந்தை 1.25 மில்லிகிராமில் தொடங்கி 10 வரை மெல்ல ஏற்றினார்கள். இத்தகையவர்களுக்குத் தொடக்கச் சோர்வு விலை கொடுக்கத் தக்கது. அவர்கள் முதலில் கேட்க வேண்டியது, ஏற்றும் வேகத்தைக் குறைக்க முடியுமா என்பதுதான்.

மாரடைப்பு வந்து, ஆனால் பம்பு நன்றாக இருப்பவர்கள் நடுவில் நிற்கிறார்கள். 2024இல் 5,020 பேரிடம் நடந்த ஆய்வில் இவர்களுக்குப் பீட்டா பிளாக்கரால் தனிப்பலன் தெரியவில்லை. 2025இல் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் 8,500 பேரிடம் நடந்ததிலும் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு யாராவது துள்ளிக் குதிக்கும் முன் இன்னொன்றையும் படிக்க வேண்டும்: ஏற்கெனவே எடுத்துவந்தவர்களிடம் மருந்தை நிறுத்திப் பார்த்த 2024ஆம் ஆண்டு ஆய்வு, நிறுத்துவது தொடர்வதற்கு ஈடான பாதுகாப்புடையது என்று நிறுவ முடியாமல் முடிந்தது, நிறுத்தியவர்களின் அழுத்தமும் துடிப்பும் ஏறின. தொடங்காமல் இருப்பதும் தொடங்கியதை நிறுத்துவதும் ஒரே கணக்கில் வருவதில்லை.

அக்டோபர் 10

நேற்று எழுதியதில் சீர்மையற்ற துடிப்பு, ஒற்றைத் தலைவலி, தைராய்டு மிகைச் சுரப்பு, கைநடுக்கம் ஆகியவற்றை விட்டுவிட்டேன் என்கிறார்கள். ஆமாம், அவற்றுக்கும் இது தரப்படுகிறது, அங்கே நிறுத்துவதற்கான கணக்கும் வேறு. தைராய்டு மிகையானவர்களிடம் இது படபடப்பை மறைத்துவைத்திருக்கும் என்பதையும், திடீரென்று நிறுத்தினால் மறைந்திருந்தது ஒரேயடியாக வெளிப்படும் என்பதையும் மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் 18

கேட்டவர் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். மெட்டோப்ரோலாலைப் பாதியாக்கி, பிறகு அதிலும் பாதியாக்கி, நாடியும் அழுத்தமும் குறித்துவரச் சொல்லி, வேறு வகை மருந்துக்கு மாற்றுகிறார்களாம். பராக்ஸெட்டின் தொடர்கிறது. மகிழ்ச்சி.

பாதியாக்குவது பற்றி ஒரு சொல். நீண்ட நேரம் கசியும் வகை மெட்டோப்ரோலால் சக்சினேட்டை, நடுவில் கோடு இருந்தால் கோட்டில் உடைக்கலாம். நசுக்கவோ மெல்லவோ கூடாது, மெல்லக் கசிய வேண்டியது ஒரே நேரத்தில் இறங்கிவிடும். சாதாரண டார்ட்ரேட் வகை பெரும்பாலும் நாளுக்கு இரண்டு வேளை எடுக்க வேண்டியது. மாத்திரை அட்டையில் மெட்டோப்ரோலால் என்பதற்குப் பக்கத்தில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று கைக்கு வந்து, நாளுக்கு ஒன்று போட்டுக்கொண்டு, மாலையானால் படபடப்பு என்று திண்டாடியவரை எனக்குத் தெரியும்.

அக்டோபர் 27

கடைசியாக வந்த கேள்வி: அறுவைச் சிகிச்சைக்கு முன் இந்த மாத்திரையை நிறுத்த வேண்டுமா? நெடுநாளாக எடுப்பவர்கள் பெரும்பாலும் தொடர வேண்டும். மயக்க மருந்து நிபுணரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். ஆனால் எடுக்காதவருக்கு அறுவைக்குச் சற்று முன்பாகப் புதிதாகத் தொடங்குவது வேறு விஷயம். 2008இல் 8,351 பேரிடம் அப்படி மெட்டோப்ரோலாலைப் பெரிய அளவில் தொடங்கிப் பார்த்தார்கள். மாரடைப்பு குறைந்தது, பக்கவாதமும் மரணமும் கூடின. ஒரு வேளை மாத்திரை தவறிப்போனால் என்ன செய்வது என்றும் அதே நண்பர் கேட்டிருக்கிறார்: நினைவு வந்ததும் எடுக்கலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிட்டு அடுத்ததை வழக்கம்போல் எடுக்க வேண்டும், இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது.